பேசி முடித்த வீடும் கொடுத்த வாக்கும்

  

   

பள்ளிவாசல் முற்றத்திலும் கல்யாண வீடுகளிலும் நாம் அடிக்கடி கேள்விப்படுகின்ற ஒரு துயரத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். விலை பேசி, முற்பணம் கொடுத்து, உறுதி எழுத நாளும் குறித்துவிட்ட வீடு கடைசி நேரத்தில் வேறொருவரின் கைக்குப் போய்விடுகின்ற துயரம் அது.

ஒரு தந்தையை நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடங்கள் வெளிநாட்டு வெயிலில் உழைத்தவர். மகளுக்கு நிகாஹ் நிச்சயமாகியிருக்கின்றது. பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு சிறிய வீட்டைப் பார்த்து, விற்பவரின் வரவேற்பறையில் அமர்ந்து, விலையை முடித்து, ஸலவாத்துச் சொல்லிக் கைகொடுத்து, தேநீரும் குடித்துவிட்டு வருகின்றார். முற்பணத்தை எண்ணிக் கொடுக்கின்றார். பற்றுச்சீட்டு எதுவும் கேட்கவில்லை. “நமக்குள் எதற்கு?” என்பதே இருவரின் எண்ணமும். மனைவியின் நகையை விற்று மீதிப் பணத்தையும் திரட்டி வைக்கின்றார். வியாழக்கிழமை உறுதி எழுதுவதாக ஏற்பாடு. புதன்கிழமை இரவு தொலைபேசி வருகின்றது. “நாநா, மனம் வருந்த வேண்டாம். இன்னொரு பார்ட்டி இரண்டு இலட்சம் கூடத் தந்தார்கள். இன்று அஸருக்குப் பிறகு உறுதி முடிந்துவிட்டது. உங்கள் முற்பணத்தை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது நஸீப் இல்லை.”

குறிப்பாகக் கிழக்கிலங்கையில் மகளுக்கு வீடு கொடுத்தே மணமுடித்து வைக்கும் வழக்கம் ஆழ வேரூன்றியிருப்பதால், இந்த இழப்பு ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் உலுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மஹர் கொடுப்பது மணமகனின் கடமை என்பதே மார்க்கம். வீட்டுச் சுமையைப் பெண்ணின் வாப்பாவின் தோளில் ஏற்றியது நாமே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். அது தனியாகப் பேச வேண்டிய விடயம் என்பதால் இங்கே அதனைத் தொடாமல் செல்கின்றேன்.

நேயர்களே! அந்தத் தொலைபேசி உரையாடலின் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். “நஸீப் இல்லை.” இதனைச் சொன்னவர் யார்? வாக்கை மீறியவர். கத்ரை நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று. ஆயினும், ஒருவருக்குத் தீங்கு செய்தவரே தமது செயலைக் கத்ரின் மீது சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை. இழந்தவர் தம் உள்ளத்துக்கு ஆறுதலாக அந்த வார்த்தையைச் சொல்லலாம். பறித்தவரின் வாயில் அது வெறும் சாக்குப்போக்கு. நமது ஊர்களில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொண்டு, “போகட்டும், அல்லாஹ் வேறு தருவான்” என்று இழந்தவரைச் சமாதானப்படுத்துவதோடு கதையை முடித்துவிடுகின்றோம். விற்றவரிடமோ, கூட விலை கொடுத்து வாங்கியவரிடமோ எவரும் எதுவும் கேட்பதில்லை. மாறாக, “கெட்டிக்காரன், கண் மூடித் திறப்பதற்குள் வீட்டை எடுத்துவிட்டான்” என்று புகழ்வோரும் உண்டு.

இந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தெளிவாகவே பேசியிருக்கின்றார்கள். தம் சகோதரர் செய்துகொண்ட வியாபாரத்தின் மீது மற்றொருவர் வியாபாரம் செய்வதையும், தம் சகோதரர் கேட்ட பெண்ணை, அவர் விட்டுக்கொடுக்கும் வரையில் அல்லது அனுமதிக்கும் வரையில், மற்றொருவர் பெண் கேட்பதையும் அவர்கள் தடுத்தார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் வாயிலாக இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. இரண்டு தடைகளும் ஒரே ஹதீஸில் இணைந்து வந்திருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குப் பேச்சு முடிந்து, மோதிரமும் அணிவித்த பிறகு, இன்னொருவர் அதிக வசதியைக் காட்டிப் பெண் கேட்டு வந்தால் ஊரே அவரைத் தூற்றும். அதே மனிதர் பேசி முடித்த வீட்டின் மீது விலையை உயர்த்திக் கொடுத்தால் ஊர் அதனைச் சாமர்த்தியம் என்கின்றது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் தடுத்த மார்க்கத்தில், நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

“அப்படியானால் ஒரு பொருளுக்கு இருவர் விலை கேட்பதே கூடாதா?” என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏலம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. வறுமையோடு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபி (ஸல்) அவர்களே கையிலெடுத்து, ஒருவர் ஒரு திர்ஹம் சொன்னதும் அதற்கு மேல் தருபவர் உண்டா என்று கேட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த வரலாற்றை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். விற்பவர் இன்னும் எவருக்கும் சம்மதம் சொல்லாத வரையில் பத்துப் பேர் வந்து விலை கேட்கலாம். அது சந்தையின் இயல்பு. விற்பவர் ஒருவரின் விலையை ஏற்று, வெளிப்படையாகச் சம்மதம் சொன்ன பிறகு கதவு மூடப்படுகின்றது. அதன் பின்னர் வந்து தட்டுவதைத்தான் ஹதீஸ் தடுக்கின்றது. நாம் பின்பற்றுகின்ற ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்களும் இந்த எல்லையையே வரைந்திருக்கின்றார்கள். தடையை மீறி நடந்த விற்பனை செல்லுபடியாகும் என்றாலும், அதனைச் செய்தவர் பாவியாவார் என்பதே அவர்களது தீர்ப்பு. உறுதி கையில் இருப்பதனால் பாவம் நீங்கிவிடாது என்பதை, வீட்டை எடுத்துவிட்ட மகிழ்ச்சியில் இருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

இப்பொழுது ஒரு வீட்டு வியாபாரத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது. நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூராஃபிஉ (ரழி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் வளவுக்குள் இரண்டு இல்லங்கள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு அவர்கள் ஸஅத் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டார்கள். ஸஅத் (ரழி) அவர்கள் முதலில் மறுத்தார்கள். அங்கிருந்த மிஸ்வர் (ரழி) அவர்கள் வற்புறுத்தியதும், நாலாயிரத்துக்கு மேல் தரமாட்டேன், அதனையும் தவணை முறையிலேயே தருவேன் என்றார்கள். அபூராஃபிஉ (ரழி) அவர்களின் கையிலோ வேறொருவர் ஐந்நூறு தீனார் தருவதாகச் சொன்ன விலை இருந்தது. ஸகாத்தின் அளவில் 20 தீனாருக்கு 200 திர்ஹம் என்று வைத்துப் பார்த்தால் ஐந்நூறு தீனார் என்பது ஐயாயிரம் திர்ஹம். ஒரு பக்கம் ஐயாயிரம். மறுபக்கம் நாலாயிரம், அதுவும் தவணையில். அபூராஃபிஉ (ரழி) அவர்கள் குறைந்த விலைக்கே கொடுத்தார்கள். அருகில் இருப்பவருக்கே அதிக உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

அவர்கள் பணத்தின் பெறுமதி தெரியாதவர்களல்லர். ஐந்நூறு தீனாரை எடுத்துச் சொன்னதே அதற்குச் சான்று. ஸஅத் (ரழி) அவர்களுக்கு அவர்கள் முன்னரே வாக்குக் கொடுத்திருக்கவும் இல்லை, முற்பணம் வாங்கியிருக்கவும் இல்லை. அயலவருக்கு உள்ள உரிமை ஒன்றே அவர்களின் கையைப் பிடித்து நிறுத்தியது. வாக்கும் கொடுத்து, முற்பணமும் வாங்கி, நாளும் குறித்துவிட்ட ஒருவர் இரண்டு இலட்சத்துக்காகப் பேச்சை மாற்றும்போது இந்தச் சம்பவத்துக்கு முன்னால் எப்படி நிற்பார்?

விற்பவருக்கும் சில வேளைகளில் உண்மையான நெருக்கடி ஏற்படலாம். நோயோ, கடனோ, தாம் விலையைக் குறைத்துப் பேசிவிட்டோம் என்ற கவலையோ இருக்கலாம். அவருக்கும் நேரான வழி உண்டு. வாங்க இருப்பவரிடம் சென்று, “எனக்கு இப்படியொரு நிலை வந்திருக்கின்றது. நீங்கள் மனம் விரும்பி விட்டுத் தருவீர்களா?” என்று முகம் பார்த்துக் கேட்கலாம். இவ்வாறு வருந்தி வருபவருக்கு வியாபாரத்தை விட்டுக்கொடுப்பதனை இகாலா என்பார்கள். அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டென்று ஹதீஸில் நன்மாராயம் வந்திருக்கின்றது. ஆனால், விட்டுக்கொடுப்பதும் கொடுக்காதிருப்பதும் வாங்குபவரின் விருப்பம். உறுதியை எழுதி முடித்த பின்னர் தொலைபேசியில் தகவல் சொல்வது இகாலா ஆகாது.

கூட விலை கொடுத்து வந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னர் ஒருவர் பேசி முடித்திருப்பது தெரியாமலே வாங்கியவர் மீது குற்றமில்லை. தெரிந்த பின்னர் அவர் ஒதுங்க வேண்டும். ஆகவே வீடு பார்க்கச் செல்லும் சகோதரர்களே, “எத்தனை பேர்ச்? என்ன விலை?” என்று கேட்கும்போதே, “யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கின்றீர்களா?” என்றும் கேளுங்கள். தரகர்களும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இல்லாத ஒரு வெளிநாட்டுப் பார்ட்டியை இருப்பதாகச் சொல்லி விலையை ஏற்றுவது, நபி (ஸல்) அவர்கள் தடைசெய்த நஜ்ஷ் என்னும் வஞ்சகத்தைச் சேர்ந்ததே.

இனி, வீட்டை இழந்த தந்தையிடம் வருவோம். பயன் தருவதை நாடி முயற்சி செய்யுமாறும், அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும், இயலாமையில் முடங்கிவிட வேண்டாமென்றும், ஏதேனும் நேர்ந்துவிட்டால் இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று மாய்ந்துகொண்டிருக்க வேண்டாமென்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது. கத்ரைப் பற்றிய பகுதியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். அதன் தொடக்கத்தில் இருப்பதோ முயற்சி. வீடு போன இரவில் மனைவி மக்களைத் தேற்றுவதற்கு ஹதீஸின் இறுதிப் பகுதி. அடுத்த வீட்டைத் தேடிப் புறப்படும்போது அதன் முதற் பகுதி.

அந்த முயற்சியில் எழுத்தும் அடங்கும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரதுல் பகராவின் 282 ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியே பேசுகின்றது. “நமக்குள் எதற்கு?” என்ற கேள்விக்கு அதுவே பதில். நம்பிக்கை இல்லாதவர்கள்தாம் எழுதிக்கொள்வார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து நமக்குள் வந்ததோ தெரியவில்லை.

நாட்டின் சட்டமும் இங்கே கடுமையானது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி, வீடு விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டால்தான் செல்லும். விற்பதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கும் அதே விதிதான். வாய்ப்பேச்சையோ, துண்டுக் கடதாசியில் எழுதிய பற்றுச்சீட்டையோ வைத்துக்கொண்டு கொடுத்த முற்பணத்தைக் கேட்கலாமே தவிர, வீட்டைக் கேட்க முடியாது. இன்னொன்று, 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்கு முன்னுரிமை கொடுக்கின்றது. ஒருவர் ஒரே காணியை இருவருக்கு எழுதிக் கொடுத்து, பிந்தி எழுதியவர் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், மோசடியோ கூட்டுச்சதியோ நிரூபிக்கப்பட்டாலொழிய, முந்தி எழுதியவர் தோற்றுப்போவார். பிம்சவிய திட்டத்தில் 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்துள்ள காணிகளுக்கு நடைமுறை வேறு. அதனை நொத்தாரிசிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

ஆகையால் பெற்றோர்களே, விலை பேசி முடிந்தால் முற்பணத்தை வரவேற்பறையில் எண்ணிக் கொடுக்காதீர்கள். முதலில் உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் பத்திரங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு, வழக்கு, வேறு பங்காளிகள் இருக்கின்றார்களா என்பது அங்கே தெரியவரும். பிறகு விலையையும் முற்பணத்தையும் உறுதி எழுதும் திகதியையும் குறிப்பிட்டு விற்பனை உடன்படிக்கை ஒன்றை நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, முற்பணத்தை அங்கேயே கொடுங்கள். அந்த உடன்படிக்கையைத் தாமதமின்றிப் பதிவும் செய்விக்க வேண்டும். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவென்று எண்ணுவோர் பலர். மகளின் கல்யாணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் செலவிடுவதோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளே, உங்கள் வாப்பாமார் பலர் இந்த ஆவணங்களை வாசிக்கச் சங்கடப்படுவார்கள். நொத்தாரிசு அலுவலகத்துக்கு அவர்களோடு நீங்களும் செல்லுங்கள். கையொப்பமிடும் முன்னர் ஒவ்வொரு வரியையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.