முன்பு, பின்பு: நடுவே நடப்பது என்ன?



பேருந்தின் முதுகிலும் கைப்பேசித் திரையிலும் எடைக்குறைப்பு விளம்பரத்தின் அந்த இரண்டு படங்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பு, பின்பு. நடுவே நடந்தது என்ன என்பதை விளம்பரம் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

எடையைக் குறைக்கச் செய்யும் 'ஸ்லீவ்' அறுவையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம்போல ஒரு குழாய். வெட்டிய ஓரம் நெடுகச் சிறு உலோகப் பின்களால் தைக்கிறார்கள். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் வேறு, இது வேறு.

இந்தச் சிகிச்சையை நான் பழிக்க வரவில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையோடும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதோடும் போராடியவர்கள் பலருக்கு இது மறுவாழ்வு தந்திருக்கிறது. தேர்ந்த மருத்துவமனைகளில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஓரிருவர்தான். ஆனால் அந்த ஓரிருவர் யார் வீட்டுப் பிள்ளை? 2024-இல் சென்னையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதனால், அவசரம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்று, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது கல்யாணத்துக்காகச் செய்துகொள்ளும் அறுவை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 27.5 இருந்தாலே ஆசியர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022-இல் வந்த சர்வதேச நெறிமுறை. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது 70 கிலோ! பெண் பார்க்க வந்தவர்கள் 'கொஞ்சம் குண்டு' என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதற்காக, நோய் நொடி இல்லாத பெண்ணை அறுவை மேசையில் படுக்கவைப்பது அநியாயம். ஆவணியில் அறுவை, தையில் கல்யாணம். அறுவைக்குப் பின் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கருத்தரிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது மாமியார் வீட்டுக்குத் தெரியுமா? 'விசேஷம் உண்டா?' என்று மாதாமாதம் கேட்பார்களே, அவள் என்ன பதில் சொல்வாள்? அதோடு, பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். வாந்தி ஓயாவிட்டால் பி1 சத்து வற்றி நரம்பே கெடலாம். முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேரலாம், கட்டுப்பாடு தளர்ந்தால் எடையும் திரும்பும்.

அறுவை முடிந்து வீடு வந்தவர்கள் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். காய்ச்சல், ஓயாத படபடப்பு, வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் வலி என்றால் தையல் கசியலாம். திடீர் மூச்சுத் திணறல் என்றால் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். 'வாயுதான்' என்று சீரகத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். அது தொலைவென்றால், உடனே 108-ஐ அழையுங்கள்.