இரு பட்டறைகள்



பட்டறை என்னும் சொல் நம் ஊர்களில் முதற்கண் கொல்லனுக்கு உரியது. உலையும் துருத்தியும் சம்மட்டியும் உள்ள இடமே பட்டறை. இன்றோ கவிதைப் பட்டறை, மொழிபெயர்ப்புப் பட்டறை என்று, நாற்காலியிட்டு அமர்ந்து உரையாடும் கூட்டங்களுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்டு தலைநகரில் வாழும் எம் போன்றோர்க்கு இவ்விரு பொருளும் அன்றாடம் எதிர்ப்படுவன. முதற்பொருளில் பட்டறையாக இருந்த ஒரு கட்டடம் இரண்டாம் பொருளிலும் பட்டறையாகிய வரலாறு ஒன்றுண்டு.

இங்கிலாந்து நாட்டில் டெர்பி என்பது புகழ்பெற்ற ரயில்வே நகரம். அங்கே வட மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் 1839-ஆம் ஆண்டில் எஞ்சின்களைப் பழுதுபார்க்க ஒரு வட்டக் கொட்டகையை எழுப்பிற்று. அது பதினாறு பக்கங்கள் கொண்டது. நடுவில் ஒரு சுழல்மேடை. அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல எப்பக்கமும் தண்டவாளங்கள் பிரிந்தன. உள்ளே வந்த எஞ்சினை மேடையில் நிறுத்தித் திருப்பி, வேண்டிய தடத்தில் செலுத்துவார்கள். குறைந்த இடத்தில் பல எஞ்சின்களை நிறுத்துவதற்கு அக்காலத்தார் கண்ட உபாயம் அது.

ஒன்றரை நூற்றாண்டு சென்றபின், 1990-களில், அத்தொழிற்சாலையில் வேலை ஓய்ந்தது. சுற்றியிருந்த கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. வட்டக் கொட்டகையோ சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்தமையால் தப்பிற்று. டெர்பி கல்லூரி அதனை ஏற்றுச் சீர்செய்து 2009-இல் திறந்தது. இன்று அங்கே மாநாடுகளும் விருந்துகளும் திருமணங்களும் நடைபெறுகின்றன. குறுக்குச் சுவரற்ற அகன்ற தளம், உயர்ந்த கூரை, மேலிருந்து இறங்கும் பகலொளி ஆகியவை எஞ்சினுக்காக அமைந்தவை. பேரவைக்கும் அவையே ஏற்றவையாயின.

இம்மாற்றத்தில் நாம் கருதத்தக்க சிறப்பு மற்றொன்று உண்டு. அதே வளாகத்தில் இளைஞர்கள் பொறியியலும் பிற கைத்தொழில்களும் பயில்கிறார்கள். மாநாட்டுக்கு வருவோர் பேசிக் கலைந்து விடலாம். தொழில் கற்பவர் நாளையும் வருவர். ஆகவே அங்குச் சுவர் மட்டுமன்றித் தொழிலும் ஓரளவு காக்கப்பட்டது எனலாம்.

நம் நாட்டு நிலை என்ன? நல்லூழாக, நம் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றில் இன்றும் வேலை நடக்கிறது. திருச்சியை அடுத்த பொன்மலை, நீலகிரி மலைப்பாதைக்கு அண்மைக் காலத்திலும் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்தது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பெற்ற ‘ஃபேரி குவீன்’ எஞ்சினின் உறுப்புகள் 2011-இல் களவு போயின. கடைகளில் கிடைக்கக்கூடிய பொருள்களா அவை? அவ்வெஞ்சினைச் செப்பனிட்டு 2012-இல் திருப்பியளித்தது சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை. டெர்பியில் கட்டடம் பிழைத்தது; பெரம்பூரில் கைத்திறன் பிழைத்திருந்தது.

ஆயினும் என்றேனும் ஒரு நாள் நம் பட்டறைகளிலும் வேலை ஓயக்கூடும். அன்று அவை மண்டபங்களாகலாம், அதில் தவறில்லை. இடிபடுவதினும் அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வெள்ளையடித்து விளக்கேற்றிய மண்டபத்தில் கரியும் வியர்வையும் தெரியா. நாகப்பட்டினத்தில் இயங்கிய தென்னிந்திய ரயில்வேத் தொழிற்சாலை பொன்மலைக்கு மாறிய காலத்தில், 1928-இல், ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதன் பொருட்டுச் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் தொழிலாளர் ஐவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். கட்டடத்தை மட்டும் காத்து இவற்றை மறப்போமாயின், நாம் காத்தது பாதியே.

தில்லித் தமிழருக்கு ஒரு வேண்டுகோள். புசா ரோட்டில் நம் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஒரே நாளில் சென்று மீளத்தக்க தொலைவில் ஹரியானாவின் ரேவாரி நகரம் உள்ளது. 1893-இல் கட்டப்பெற்ற அவ்வூர் நீராவி எஞ்சின் கொட்டகை, 2002-இல் புதுப்பிக்கப்பெற்று, இப்பொழுது காட்சியகமாக விளங்குகிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். எஞ்சினைக் காட்டுவதோடு, அதன் அடியில் படுத்து வேலை செய்தவனைப் பற்றியும் கூறுங்கள்.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் நாகபுரியிலும் கரக்பூரிலும் வாழும் நேயர்களில், தந்தையோ பாட்டனோ ரயில்வேயில் பணியாற்றியவர் பலர் இருப்பீர்கள். அம்முதியோர் இன்னும் உயிருடன் இருப்பின், அவர்களருகே அமர்ந்து கேளுங்கள். எந்தக் கருவிக்கு எந்தப் பெயர், சங்கு ஊதியது எத்தனை மணிக்கு, முதற்சம்பளம் எவ்வளவு, எந்த விபத்தில் யார் விரலை இழந்தார் என்பனவற்றைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். பட்டறைத் தமிழ் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. அதைப் பேசியவர் மறைந்தால் அச்சொற்களும் உடன் மறையும். பிறகு எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் எத்தனை பட்டறைகள் கூட்டினும் அவற்றை மீட்க இயலாது.