எள் கலைப்பு: கூலி கட்டுமா?

(உத்திரமேரூர் ஒன்றிய மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



சம்பா அறுத்த நிலத்தில் மாசிப் பட்டத்துக்கு எள் போட, குழுக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கீங்க. விதை, உழவு, களை எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. செடி கலைக்கிறதுக்கு மட்டும் யாரும் ஒரு ரூபாய்கூட எழுதலை. ஏன்னு கேட்டா, "முளைச்சதைப் பிடுங்க மனசு வருமா?" என்கிறீர்கள்.

எண்ணிப் பார்ப்போம். ஏக்கருக்கு 2 கிலோ விதை. ஒரு கிராமில் சுமார் 300 எள். ஆக 6 லட்சம் விதை போடுகிறோம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது செடிக்குச் செடி ஒரு அடி, சதுர மீட்டருக்கு 11 செடி. ஏக்கருக்கு 44,000தான். பாதி முளைக்கலைன்னாலும் ஆறேழு மடங்கு நிக்குது! நெருக்கத்தில் செடி கிளை விடாது, ஒல்லியாய் உயரும், காய் குறையும்.

கூலிக்கு வருவோம். நாலு ஆள், ஆளுக்கு 300 என்று வைத்தால் 1,200 ரூபாய். எள் கிலோ 120 என்றால், 10 கிலோ கூடினால் கூலி கட்டும். 44,000 செடிக்கும் அதைப் பிரித்தால் செடிக்குச் சுமார் 68 எள். இரண்டு காய் கூடினாலே போதும். உங்க ஊர் கூலியும் விலையும் போட்டு நீங்களே பாருங்க.

எப்போது கலைப்பது? 15ஆம் நாள் அரை அடிக்கு, 30ஆம் நாள் ஒரு அடிக்கு. முதலிலேயே ஒரு அடிக்குக் கலைத்துவிட்டால், பிறகு பூச்சி தின்றாலோ வேர் அழுகினாலோ நட்டத்தை ஈடுகட்டச் செடி இருக்காது. 30 நாள் தாண்டினால் பிடுங்கும்போது பக்கத்துச் செடியும் ஆடும்; உரமும் தண்ணியும் அதற்குள் வீணாகியிருக்கும். 15ஆம் நாள் முதல் களையோடு சேர்த்துச் செய்தால் தனி ஆள் வேண்டாம். தண்ணி கட்டி ஈரம் இருக்கும்போது பிடுங்குங்க.

இரண்டாவது கலைப்பு எல்லா வயலுக்கும் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வரப்பில் நடந்து பாருங்க. சொட்டை விழுந்த இடத்தில் ஓரச் செடியைத் தொட வேண்டாம்.

விதையோடு நாலு பங்கு மணல் கலந்து தூவினால் வேலை இன்னும் குறையும். வேர்க்கடலை விதை விலை அதிகம், அளந்து போடறோம். எள் விதை மலிவு என்று அள்ளி வீசி, அப்புறம் கூலியில் கொடுக்கிறோம்.

இன்னொண்ணு. வீட்டு ஆள்தானேன்னு உங்க கூலியை விட்டுடாதீங்க. மனுவில் 'கலைப்பு' என்று ஒரு வரி சேர்த்து, உங்க நாள் கூலியையும் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.