முகக்கவசம் எவ்வளவு காக்கும்?
(கிராம ஊழியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இருமல், தும்மல், மூச்சு இவற்றின் வழியே பரவும் வியாதிகளை முகக்கவசம் தடுக்குமா என்ற வாதம் கொரோனாக் காலத்தில் எழுந்து இன்னும் ஓயவில்லை. ஒரு சாரார் அதைப் பூரணக் காப்பு என்றனர். மறு சாரார் வெறும் வேஷம் என்றனர். நாம் கிராமங்களில் பணி புரிபவர்கள். ஆதலால் கிராமங்களிலேயே நடந்த பரீட்சை ஒன்றை இங்கே ஆராய விரும்புகிறோம்.

வங்க தேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, 600 கிராமங்களில், சுமார் 3,42,000 பேரிடையே அது நடைபெற்றது. 300 கிராமங்கள் ஒப்பு நோக்குவதற்காக அப்படியே விடப்பட்டன. 200 கிராமங்களில் மருத்துவர் அணியும் கவசமும், 100 கிராமங்களில் துணிக் கவசமும் வீடு வீடாக இலவசமாய் வழங்கப்பட்டன. வழங்கியதோடு ஊழியர்கள் நின்றுவிடவில்லை. பொது இடங்களில் கவசமின்றி வந்தோரை நிறுத்தி நினைவூட்டினர். பள்ளிவாசல்களில் இமாம்கள் எடுத்துரைத்தனர். ஊர்ப் பெரியோர் தாமே அணிந்து காட்டினர். இதன் பயனாக, மற்றக் கிராமங்களில் 100-க்கு 13 பேரே சரிவர அணிந்திருக்க, இங்கே 42 பேர் அணிந்தனர். கைபேசிச் செய்தியும், ஊருக்கு அறிவித்த பரிசுத் தொகையும் அதற்குமேல் எதையும் கூட்டவில்லை. நேரில் சென்று சொல்வதன் வலிமை உங்களுக்குப் புதிய செய்தியன்று.

வியாதி எவ்வளவு குறைந்தது? அறிகுறி கண்டு, இரத்தப் பரிசோதனையாலும் உறுதியான தொற்று 9.5 சதவிகிதம் குறைந்தது. மருத்துவக் கவசம் வழங்கிய ஊர்களில் 11 சதவிகிதம். அவ்வூர்களில் 60 வயது கடந்தோரிடையே 35 சதவிகிதம். துணிக் கவசத்தால் தெளிவான பலன் காணப்படவில்லை. சோதனையில் மருத்துவக் கவசம் நுண்துகள்களில் 95 சதவிகிதத்தைத் தடுக்க, துணிக் கவசம் 37 சதவிகிதத்தையே தடுத்தது. சோப்பிட்டுப் பத்து முறை துவைத்த பின்னரும் மருத்துவக் கவசம் 76 சதவிகிதத்தைத் தடுத்தது என்பது சிக்கனக்காரர் கவனிக்கத்தக்கது.

"ஒன்பதரைதானா?" என்று கேட்கலாம். கவசம் பெற்ற ஊர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அதை அணியவில்லை என்பதை மறத்தலாகாது. அங்கே அளக்கப்பட்டது கவசத்தின் திறன் மட்டுமன்று, ஊரார் இசைந்த அளவுமாகும். குறைகளும் உண்டு. அறிகுறி கண்டோரில் இரத்தம் தர இசைந்தோர் பாதிக்கும் குறைவு. எவ்வூருக்குக் கவசம் என்பதை அனைவரும் அறிந்தே இருந்தனர். கவசம் பெற்ற ஊர்களில் மக்கள் சற்று விலகியும் நின்றனர். ஆகவே பலன் முழுவதையும் கவசத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

2023-இல், பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்புரை, பொதுமக்கள் கவசம் அணிவதால் வேறுபாடு சிறிதே, அல்லது இல்லாமலும் இருக்கலாம் என்றது. உடனே, கவசம் பயனற்றது என நிரூபணமாயிற்று என்று பலர் முழங்கினர். அவ்வாறு பொருள் கொள்வது தவறு, முடிவு இன்னும் தெளிவாகவில்லை என்று அந்நிறுவனத்தின் தலைமையாசிரியரே விளக்க நேர்ந்தது.

நம் கருத்து இதுவே. இனியொரு தொற்று வருமாயின் துணிக் கவசத்தில் பணத்தைச் செலவிட வேண்டாம். மருத்துவக் கவசத்தை முதியோர் உள்ள இல்லங்களுக்கு முதலில் சேர்ப்போம். முதியவருக்கு மட்டுமன்று, அவர் அருகே இருமக்கூடிய மகனுக்கும் மருமகளுக்கும் சேர்த்தே கொடுப்போம். கொடுத்த வீட்டுக்கு மறுபடியும் செல்ல வேண்டும். வங்க தேசத்தில் நினைவூட்டல் நின்ற பிறகு, ஐந்தாம் மாதத்தில், இரு வகைக் கிராமங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 100-க்கு 10 பேராகச் சுருங்கிவிட்டது.