செவி வழியே எழுத்து

வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் குழந்தை, பாடநூலில் 'வந்தது' என்பதைக் காண்கிறது. 'சொன்னாங்க' என்பது அங்கே 'சொன்னார்கள்' ஆகிறது. தாய்மொழியே ஆயினும் ஏட்டுத்தமிழ் அதற்குப் புதிது. இவ்விடைவெளியை நிரப்பும் எளிய வழி, பெரியோர் நாள்தோறும் வாய்விட்டுப் படித்துக் காட்டுதலே.

'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய சொற்களில் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. 247 எழுத்துகளையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இவ்வேறுபாட்டை உணர்த்துவது செவியே.

குழந்தையை அருகில் அமர்த்தி, படிக்கும் சொல்லை விரலால் சுட்டுங்கள். 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நின்றாலும் அதன் ஒலி பின்னே வருவதைக் கண் தானே பழகிக்கொள்ளும். கேட்ட கதையையே மீண்டும் கேட்டால் சலியாது படியுங்கள். சில நாளில் அடுத்த சொல்லைக் குழந்தையே முந்திச் சொல்லும். பிழைபடச் சொன்னால் கடிய வேண்டா. சரியான வடிவை மறுமுறை படித்தாலே போதும்.

ஆங்கிலவழியில் பயிலும் பிள்ளைக்கு ஏட்டுத்தமிழ் காதில் விழும் இடம் பெரும்பாலும் வீடுதான். அங்கும் அது ஒலிக்காவிடின், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தலைமுறை உருவாகும். பாட்டனார் பேணிய நூல்கள் பேரனுக்கு வெறுங்கோடுகளாகும். இரவில் பத்து நிமிடம் ஒதுக்கினால் அந்நிலையைத் தவிர்க்கலாம். இன்றிரவே தொடங்குக.