பூசணி: வயலும் சமையற்கூடமும்

(வேளாண்மை மாணவர்களுக்கும் வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



காய்கறி உற்பத்தி என்றவுடன் தக்காளியும் வெங்காயமும் உருளைக்கிழங்குமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் விலை ஏறினாலும் செய்தி, இறங்கினாலும் செய்தி. வேலியோரத்திலும் எருக்குழி மேட்டிலும் கேட்பாரற்றுக் காய்க்கும் பூசணியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும் முற்றிய பூசணிக்கு அரிய பண்பு ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்கின் உதவியின்றி, வீட்டுப் பரணிலேயே அது மாதக் கணக்கில் கெடாதிருக்கும். விளைபொருளை விற்கும் நாளைத் தானே தீர்மானிக்கும் வசதி சிறு விவசாயிக்கு மிக அரிதாகவே வாய்க்கிறது. அந்த வசதியைத் தரக்கூடிய காய் இது.

இதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால், எந்தச் சமையற்கூடத்துக்கு விற்கப் போகிறோம் என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ற ரகத்தை விதைக்க வேண்டும். சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை விளக்க விரும்புகிறேன்.

ஒரே பெயர், இரு காய்கள்

சித்தூர் மாவட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்களும் அதில் சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் அங்கு அன்றுமுதல் இன்றுவரை அருகருகே வழங்கி வருகின்றன. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இரு மொழிகளிலும் ஒரு குழப்பம் பொதுவாக உள்ளது. தமிழில் பூசணி என்றும் தெலுங்கில் கும்மடிகாய என்றும் சொல்லும்போது, வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இரு காய்கள் குறிக்கப்படுகின்றன. ஒன்று உள்ளே வெண்மையான, மேலே சாம்பல் பூத்த வெண்பூசணி. தெலுங்கில் இதனைப் பூடித கும்மடிகாய என்பர்; பூடித என்றாலும் சாம்பலே. இது ஆசியாவுக்கு உரிய பழம்பயிர். மற்றொன்று மஞ்சள் சதையுள்ள சர்க்கரைப் பூசணி, அதாவது பரங்கி. இது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் கடல்வழி வந்த பிறகு நம் நாட்டை அடைந்தது.

பரங்கி இனத்திலும் இரு முக்கியப் பிரிவுகள் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் விளைவது குக்கர்பிட்டா மாஸ்கேட்டா. வெப்பத்தை நன்கு தாங்கும். குக்கர்பிட்டா மேக்சிமா சற்றுக் குளிர்ந்த சூழலை விரும்பும். இவற்றைப் பிரித்தறியக் காம்பைப் பார்த்தால் போதும். மாஸ்கேட்டாவின் காம்பு கடினமாக, ஐந்து முனைகளுடன், காயைத் தொடும் இடத்தில் விரிந்திருக்கும். மேக்சிமாவின் காம்பு உருண்டையாக, தக்கை போல் மென்மையாக இருக்கும்.

மேட்டு நிலமும் சமவெளியும்

பலமனேர், குப்பம் பகுதிகள் கர்நாடகப் பீடபூமியைச் சேர்ந்த மேட்டு நிலங்கள். பலமனேர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருப்பதியோ மலையடிவாரத்துச் சமவெளி. கோடையில் கடும் வெப்பம். தென்மேற்கு, வடகிழக்குப் பருவ மழைகள் இரண்டும் இவ்வட்டாரத்துக்கு உண்டு; இரண்டும் பொய்க்கும் ஆண்டுகளும் உண்டு. மானாவாரியில் நிலக்கடலை, கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் காய்கறியும், பரந்த மாந்தோப்புகள் என்பதே இங்குள்ள பயிர் முறை.

இவ்வட்டார விவசாயியின் நெருக்கடியை மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை தெளிவாகக் காட்டும். 2023 ஜூலையில் முதல் தரத் தக்காளி கிலோ 150 ரூபாயையும் தாண்டியது. செப்டம்பரிலோ சில ரூபாய்களுக்கு வீழ்ந்தது. பறித்த தக்காளியைச் சில நாட்களுக்குமேல் வைத்திருக்க இயலாது என்பதால், அன்று சொன்ன விலையை ஏற்பதன்றி விவசாயிக்கு வேறு வழியில்லை. தக்காளியைக் கைவிடுமாறு நான் சொல்லவில்லை. நிலத்தின் ஒரு பகுதியிலாவது காத்திருக்கக்கூடிய பயிர் ஒன்று இருக்குமாயின், குடும்பத்தின் முழு வருவாயும் ஒரு வாரத்து விலையில் கரைந்துவிடாது.

ரகங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 பரங்கி 7 முதல் 8 கிலோ எடையுள்ள காய்களைத் தரும். வயது 175 நாட்கள்; விளைச்சல் ஹெக்டேருக்கு 28 முதல் 30 டன். கோ 2 காய்களின் எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ. வயது 135 நாட்கள். விளைச்சல் 23 முதல் 25 டன். மொத்த எடையைப் பார்த்தால் கோ 1 மேலானதாகத் தோன்றும். நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால், கோ 1 நாளொன்றுக்கு 160 முதல் 171 கிலோவும், கோ 2 170 முதல் 185 கிலோவும் தருகின்றன. நிலமும் நீரும் சுருங்கியுள்ள இடத்தில் இக்கணக்கே பொருத்தமானது.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா சந்தன், அர்க்கா சூர்யமுகி என்னும் இரு ரகங்களை அளித்துள்ளது. முன்னது 2 முதல் 3 கிலோ எடையுள்ளது. கரோட்டின் சத்து மிக்கது. பின்னது மேக்சிமா இனம்; ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள உருண்டைக் காய். பலமனேர் மேட்டு நிலத்துக்கு இதுவும், சமவெளிக்கு மாஸ்கேட்டா ரகங்களும் இயல்பாகப் பொருந்துவன.

சாகுபடிக் குறிப்புகள்

ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி ஆகிய இரண்டும் விதைப்புக்கு ஏற்ற பருவங்கள். இரண்டு மீட்டர் இடைவெளியில், முப்பது சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்ட குழிகள் எடுக்க வேண்டும். ஹெக்டேருக்கு 2,500 குழிகள் வரும். ஒரு கிலோ விதை போதும். குழிக்கு 10 கிலோ தொழு உரம் இடுவது நலம். குழியை மட்டும் நனைத்தால் போதுமாதலால், ஆழ்துளைக் கிணற்று நீரைச் சிக்கனமாகச் செலவிடும் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு இப்பயிர் மிகவும் ஏற்றது.

பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலரும். ஆண் பூக்களே முதலில், மிகுதியாகத் தோன்றும். பெண் பூக்களைக் கூட்ட, விதைத்த 10–15 நாட்களில் தொடங்கி வாரம் ஒருமுறையாக நான்கு முறை எத்ரல் 250 பிபிஎம் தெளிக்கப் பரிந்துரைக்கின்றனர். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை தேனீக்கள். பூ விரியும் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் விளைச்சலைத் தாமே குறைத்துக்கொள்கிறார். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும், துளைபட்டு விழுந்த பிஞ்சுகளை அன்றாடம் பொறுக்கி அழிப்பதும் பயன் தரும்.

விதையைச் சொந்தமாக எடுப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே இனத்தின் இரு ரகங்கள் அருகருகே இருந்தால் கலந்துவிடும். சான்று விதை உற்பத்திக்கு 500 மீட்டர் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது. வெண்பூசணியும் பரங்கியும் அவ்வாறு கலப்பதில்லை. ஆகவே ஒரு வீட்டுக் கொல்லையில் இரண்டிலும் ஒவ்வொரு ரகம் வைத்து விதை காக்கலாம்.

அறுவடையும் சேமிப்பும்

காத்திருக்கும் வலிமை முற்றிய காய்க்கே உண்டு. நகத்தால் அழுத்தினால் தோலில் தடம் விழக்கூடாது. காம்பு காய்ந்திருக்க வேண்டும். காம்பில் சிறிது விட்டு வெட்டி, காயமின்றி எடுத்து, பத்து நாட்கள் வெதுவெதுப்பான காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். பிறகு தரையில் படாமல், ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கினால் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நிற்கும். சேமிப்பின்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால், சில வாரங்கள் வைத்த காய் இனிப்பும் கூடும். நம் பாட்டிமார் உறியிலும் பரணிலும் பூசணியை வைத்ததற்குக் காரணம் இடநெருக்கடி மட்டும் அன்று.

வெட்டிய காயோ இரண்டு மூன்று நாட்களுக்குமேல் தாங்காது. எட்டுக் கிலோக் காயைக் கடைக்காரர் பத்தை போட்டு விற்கும் அக்கணமே மூன்று மாத ஆயுள் மூன்று நாளாகச் சுருங்குகிறது. மிஞ்சியது குப்பைக்குப் போகிறது. நால்வர் கொண்ட நகரத்துக் குடும்பத்துக்கு இரண்டு கிலோக் காயே ஏற்றது என்பதன் பொருள் இதுதான்.

சமையல் முறைகள்

மாஸ்கேட்டா பரங்கியின் சதை நீர்ப்பாங்கானது, இனிப்பானது. தெலுங்கர் இதைப் புளியும் வெல்லமும் சேர்த்துப் புலுசு ஆக்குகின்றனர். தமிழர் பொங்கலன்று பால் கூட்டு வைக்கின்றனர். புளிக்கும் வெல்லத்துக்கும் ஈடுகொடுப்பது இச்சதையே. வெல்லச் சந்தைக்குப் பெயர்போன சித்தூரில் இப்பண்டம் வேரூன்றியது இயற்கையே. மேக்சிமாவின் சதை கெட்டியானது, குழையாமல் வேகும், பொரியலுக்கு ஏற்றது. இரண்டையும் பெருந்துண்டுகளாக நறுக்கி, குறைந்த நீரில் மூடி வேகவைக்க வேண்டும்.

பரங்கியின் கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவது. கொழுப்பு சேர்ந்தால்தான் அது நன்கு உட்கவரப்படும். ஆகவே ஒரு கரண்டி எண்ணெயோ, வறுத்துப் பொடித்த நிலக்கடலையோ சேர்ப்பது சுவைக்கு மட்டுமன்றி ஊட்டத்துக்கும் தேவை. விதையையும் எறிய வேண்டாம்; கழுவி உலர்த்தி வறுத்தால் புரதமும் துத்தநாகமும் மிக்க தின்பண்டம்.

வெண்பூசணிக்குத் தனிச்சுவை இல்லை. மற்றவற்றின் சுவையை ஏற்கும். மோர்க்குழம்பு, காசி அல்வா, வடகம் ஆகியவை அதன் சிறப்புகள். துண்டுகளை உப்பிட்டு இரவு முழுதும் நீர் வடித்து, அரைத்த உளுந்துடன் கலந்து, சித்தூர்க் கோடை வெயிலில் காயவைத்த வடியாலு ஆண்டு முழுவதும் பயன்படும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது தக்க தொழில். 2020-இல் தொடங்கிய குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பிரதமரின் திட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு 35 சதவிகித மானியம் வகுத்தது.

பெரிய சமையற்கூடங்கள்

திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் 1985-இல் தொடங்கியது. தரிகொண்ட வெங்கமாம்பா பெயரிலான அன்னப்பிரசாதக் கட்டடம் 2011-இல் திறக்கப்பட்டது. சாம்பாரும் கறியும் நாள்தோறும் பல்லாயிரவருக்கு அங்கு பரிமாறப்படுகின்றன. இத்தகைய கூடங்களுக்கு உரித்து வெட்டும் வேலை குறைவான பெரிய காய்களே வேண்டும். கோ 1 போன்ற ரகங்களின் இடம் இதுவே.

பள்ளிச் சத்துணவைப் பாருங்கள். பி.எம். போஷண் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி விதிக்கப்பட்டுள்ளது. நூறு குழந்தைகளுக்கு 5 கிலோ. தோலும் விதையும் நீக்கினால் முக்கால் பங்கு தேறும் என்று கொண்டால், கோ 1 காய் ஒன்று நூறு குழந்தைகளின் ஒரு நாள் தேவையைத் தீர்த்துவிடும். வெட்டியது மிஞ்சுவதும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத கிராமப் பள்ளியும் மாதத் தேவையை ஒரே தவணையில் வாங்கி வைக்கலாம்.

இங்கேதான் பெயர்க் குழப்பம் தீங்காகிறது. கொள்முதல் பட்டியலில் பூசணி என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது வந்தாலும் விதி நிறைவேறியதாகும். ஆனால் வெண்பூசணியில் கரோட்டின் இல்லை என்றே சொல்லலாம். குழந்தையின் கண்ணுக்குத் தேவையானது மஞ்சள் சதையே. பட்டியலில் ஒரு சொல்லைத் திருத்துவதற்குச் செலவு ஏதுமில்லை.

நாம் செய்யக்கூடியவை

விரிவாக்க அலுவலர்கள் விதைப்பருவத்துக்கு முன்பே பள்ளிகள், விடுதிகள், அன்னதானக் கூடங்கள் ஆகியவற்றின் தேவையைக் கேட்டறிந்து, எந்த ரகம் எவ்வளவு என்று விவசாயிகளுக்குத் தெரிவிக்கலாம். ஊராட்சிகள் காற்றோட்டமான பரண் கொட்டகைகளை அமைத்துத் தரலாம். மாணவர்களாகிய நீங்கள் உங்கள் ஊரிலுள்ள நாட்டு ரகங்களின் எடை, வயது, சேமிப்புக் காலம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, விதையையும் காக்கலாம்.

மார்கழிக் கோலத்தில் சாணத்தின்மேல் பூசணிப் பூ வைப்பது தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவான வழக்கம். வாசலில் அந்தப் பூவுக்கு நாம் தரும் இடத்தை, வயலிலும் பள்ளிக் குழந்தையின் தட்டிலும் அதன் காய்க்கும் தருவோமாக.