வயிற்றில் பிள்ளை, சினைப்பையில் கட்டி

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய அமர்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைப்பைக் கேட்டதும் 'இது பெரிய டாக்டருங்க பேச வேண்டியதாச்சே, நமக்கு எதுக்கு'ன்னு சிலருக்குத் தோணும். சேரியில் வேலை செய்கிற நம்மிடம்தான் பெண்கள் முதலில் ஸ்கேன் தாளை நீட்டுகிறார்கள். 'இங்கிலீஷுல இருக்கு, என்னன்னு பாரு தம்பி.' அதனால் பேசுகிறேன்.

கர்ப்ப காலத்தில் சினைப்பைப் புற்றுநோய் வருவது அபூர்வம். 10,000 கர்ப்பங்களுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் சினைப்பையில் கட்டி தெரிவது சகஜம். அதில் பெரும்பாலானவை வெறும் நீர்க்கட்டி, நாலாம் மாசத்துக்குள் தானாக வற்றிவிடும். ஆகவே கட்டி என்றதும் ஒப்பாரி வைக்க வேண்டாம். வற்றாமல் நிற்பது, வளர்வது, உள்ளே சதைப்பகுதி இருப்பது, இவைதான் சந்தேகத்துக்குரியவை.

சிக்கல் எங்கே? வயிறு உப்பசம், அடிக்கடி ஒண்ணுக்குப் போவது, மலச்சிக்கல், இடுப்பு வலி. நோயின் அறிகுறியும் இதுதான், கர்ப்பத்தின் அறிகுறியும் இதுதான். 'மாசமா இருந்தா அப்படித்தாம்மா இருக்கும், போ' என்ற ஒரே வார்த்தையில் நோய் ஒளிந்துகொள்கிறது. களையெடுப்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரி வரிசைக்கு வருகிற பெண்ணிடம் அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லப்படும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் மூன்று மாசத்து ஸ்கேன் முக்கியம். கருப்பை பெருத்துவிட்டால் சினைப்பை மறைந்துபோகும். குழந்தையின் துடிப்பைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். சினைப்பை பற்றி அதில் ஒரு வரி இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், சாயமருந்து ஏற்றாமல். சி.ஏ. 125 என்கிற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது, கர்ப்பத்திலேயே அது ஏறும்.

அறுவைசிகிச்சை செய்யலாமா? செய்யலாம். அவசரமில்லை என்றால் பதினாறு வாரம் வாக்கில் செய்கிறார்கள். அதற்குள் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரக்கத் தொடங்கியிருக்கும், சினைப்பையை எடுத்தாலும் கரு நிற்கும். கட்டி முறுக்கிக்கொண்டு திடீரென்று துடிக்கிற வலி வந்தால் வாரக் கணக்குப் பார்க்கக் கூடாது, அன்றைக்கே ஓட வேண்டும். இளம்பெண்களுக்கு வருகிற வகைகள் பலவும் ஒரு பக்கத்துச் சினைப்பையோடு, ஆரம்ப நிலையிலேயே பிடிபடுபவை. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து, கருப்பையையும் மறுபக்கத்தையும் விட்டுவிட முடியும்.

கீமோ என்றால் எல்லோரும் நடுங்குகிறார்கள். முதல் மூன்று மாசம் கொடுக்கக் கூடாது, உறுப்புகள் உருவாகிற காலம் அது. அதற்குப் பிறகு கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் போன்றவற்றைக் கொடுக்கிறார்கள். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பிரசவ நேரத்தில் தாய்க்கு ரத்த அணுக்கள் குறைந்திருக்கும். பெல்ஜியத்தின் ஃபிரடெரிக் அமான்ட் குழு, தாய்க்குக் கர்ப்பத்தில் புற்றுநோய் இருந்த 129 குழந்தைகளைப் பரிசோதித்து 2015இல் ஆய்வை வெளியிட்டது. இதயத்திலும் அறிவு வளர்ச்சியிலும் மற்றக் குழந்தைகளோடு வித்தியாசம் தெரியவில்லை. பாதிப்பு குறைமாசப் பிரசவத்தால்தான் வந்தது. ஆகவே சீக்கிரம் வெளியே எடுத்துவிடலாம் என்பதைவிட, முடிந்தவரை 37 வாரத்துக்குக் கொண்டுபோவதே மேல்.

முற்றிய நோய், அதுவும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தெரிந்தால், கலைப்பது பற்றிப் பேச்சு வரும். வரட்டும். ஆனால் யார் முடிவெடுப்பது? மாமியார் ஒன்று சொல்வார், புருஷன் ஒன்று சொல்வான், டாக்டர் அவளைப் பார்க்காமலே அவனிடம் பேசுவார். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகும் அதேதான். கலைக்கச் சொல்லி வற்புறுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை. நமக்கும்தான்.

காசு? தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாத வீட்டுக்கு இப்போதே எழுதிக்கொடுங்கள், நோய் வந்தபிறகு தாசில்தார் ஆபீஸுக்கு அலைய முடியாது. பஸ் காசும் போன கூலியும் எந்த அட்டையிலும் வராது, அதைச் சங்கம்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பின் கீமோ தொடர்ந்தால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. 'பால் கொடுக்காத பாவி' என்று தெருவில் பேசுவார்கள். அந்தப் பேச்சு வருமுன்னே வீட்டுப் பெண்களிடம் காரணத்தைச் சொல்லி வையுங்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் தோழர்களே.